பத்துப் பேரின் ஏகாதசி

சர்பத் நிறைந்த வெள்ளிக் கோப்பையை, தோற்ற ஆம்பூர் அணியின் கேப்டன் ரஷீத் அஹமது, எதிரணி ஆட்டக்காரன் சாமுவேலின் கையில் கொடுத்தான்.

ஜெயித்த அணியின் கேப்டன் ஆதிகேசவன் நீட்டிய இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்றன.

"எங்க ஊர் வழக்கம் இது. கோல் போட்டவன் மொதல்ல குடிப்பான். அப்புறம் அதே கப்புல டீம் மொத்தமும் குடிக்கணும். குடிக்காத டீமுக்குக் கப்பு கெடையாது" என்றான் ரஷீத்.

ஆம்பூர் மைதானம் முழுக்கத் தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளிகள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கோப்பையை ஏற்படுத்திய ஜியாவுல்லா சாயபு நாற்காலியில் சாய்ந்து தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

இந்தக் கோப்பைக்காக மதராஸிலிருந்து காலேஜ் ஃபுட்பால் அணி ஏழு வருஷம் ரயிலேறி வந்தது. ஏழு வருஷமும் தோல் ஷாப்பு அணியிடம் உதை வாங்கிக்கொண்டு திரும்பியது. ஒரு வருஷம் வெயில் கண்ணில் அடித்ததாம். ஒரு வருஷம் ரெஃப்ரி ஆம்பூர்க்காரனாம். ஒரு வருஷம் ஊர் நாற்றத்தில் மூச்சே விட முடியவில்லையாம். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்களுக்கு ஊரே கோணல்.

உண்மைக் காரணம் வேறு. பந்து தலை உயரத்தில் வந்தால் இந்த மகராசர்கள் குனிந்துவிடுவார்கள். காலில் கிடக்க வேண்டிய தோல் தலைக்கு ஏறலாமா? வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆவது?

அதற்காகத்தான் இந்த வருஷம் சாமுவேலைச் சேர்த்தார்கள். ஆம்பூரில் தோல் சுமந்து பிழைத்த குடும்பம், காலேஜில் இரண்டாம் வருஷம். அவன் தலைக்குத் தோல் பழக்கம்தானே என்று ஆதிகேசவன் சொன்னதற்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இன்று அந்தத் தலைதான் கடைசி நிமிஷத்தில் பந்தை வலைக்குள் தள்ளியது. ஆதிகேசவனே ஓடிவந்து கட்டிப்பிடித்தான். சாமுவேல் நம்பிவிட்டான். இனிமேல் ஹாஸ்டலில் தனக்குத் தனிப் பந்தி போடமாட்டார்கள், இவர்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று மனசார நம்பினான். அந்தப் பாழாய்ப்போன ஆசைக்கு முன்னால் கோப்பையெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

அவன் ரஷீத்தின் முகத்தைப் பார்த்தான். ரஷீத் சிரிக்கவில்லை.

சாமுவேல் உதடு பதிய ஒரு வாய் குடித்தான். கோப்பையை ஆதிகேசவனிடம் நீட்டினான்.

ஆதிகேசவன் அதன் ஈரமான விளிம்பையே பார்த்தான்.

"இன்னைக்கு எனக்கு ஏகாதசிடா. பல்லுல பச்சத்தண்ணி படக்கூடாது."

காலையில் அரக்கோணம் ஸ்டேஷனில் ஆறு இட்லியை அமுக்கிய பல் அது.

பக்கத்தில் நின்ற காசிநாதனுக்கும் ஏகாதசி வந்துவிட்டது. நெற்றி நிறைய விபூதி பூசிய சைவன். அவன் வீட்டில் யாரும் ஏழு தலைமுறையாக ஏகாதசி இருந்ததில்லை. கோல்கீப்பருக்கு வயிற்று வலி. இன்னொருவனுக்குத் தொண்டைக் கட்டு. ஒரே ஒருவன் கோப்பையைக் கையில் வாங்கினான். ஆதிகேசவன் முறைத்ததும் அவனுக்கும் விரதம் ஞாபகம் வந்தது.

பத்துப் பேரையும் சுற்றிவிட்டுக் கோப்பை சாமுவேலிடமே திரும்பி வந்தது. சர்பத் ஒரு சொட்டும் குறையவில்லை. ஏழு வருஷம் ஏங்கியதை விட்டாலும் விடுவார்கள், அவன் வாய் பட்டதைத் தொடமாட்டார்கள். சாமுவேலுக்கு அருவருப்பாக இருந்தது.

"இன்னா சாமுவேலு, கப்பு எங்களுதுதானே?" என்றான் ரஷீத்.

சாமுவேல் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கோப்பை மதராஸுக்கு ரயிலேறிவிடும்.

ஏனென்றால், அப்படி ஒரு வழக்கமே கிடையாது. பள்ளிக்கூட நாளெல்லாம் இந்த மைதானத்தில் நின்று பரிசளிப்பைப் பார்த்தவன் அவன். அந்தக் கோப்பையில் யாரும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. தோற்றதும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடிய காலேஜ்காரர்களுக்கு அது எப்படித் தெரியும்?

சாமுவேல் வாயைத் திறந்தான்.

மிச்சமிருந்த சர்பத்தை நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு, கோப்பையை ரஷீத்திடம் கொடுத்தான்.