முதல் குப்பி

"பதினொண்ணரைக்கு ரிசல்ட் வந்துடும். அதுக்குள்ள உன் மேஜையைக் காலி பண்ணி வச்சுக்கோ," என்றார் பேராசிரியர்.

அவருடைய ஆராய்ச்சி மாணவி தன் மேஜைப் பக்கம் திரும்பினாள்.

எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை விலங்குக்கு விலங்கு ஒப்பிடுவது அந்த லேபின் வேலை. எலி, பன்றி, மாடு, மனிதன். எதில் எந்த ஜீன் விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்று பார்ப்பார்கள். இந்த வருஷம் குரங்கும் சேர்ந்தது. அது அவள் பொறுப்பு. குரங்கு மனிதனோடு ஓரளவு ஒத்துப்போகும் என்று எதிர்பார்த்தாள். அச்சில் வார்த்த மாதிரி ஒத்துப்போனது.

பேராசிரியர் அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார். குரங்கு செல் வளரும் தட்டில் மனித செல்லைச் சிந்தியிருக்கிறாள். அது பெருகிக் குரங்கை விழுங்கிவிட்டது.

"ரெண்டையும் ஒண்ணா திறந்ததே இல்ல சார்."

"அப்ப என் செல்லு கால் முளைச்சு நடந்து வந்துச்சா?"

லேபில் மனித செல் என்றால் அவருடைய செல்தான். பதினோரு வருஷத்துக்கு முன்பு தன் முன்கைத் தோலைக் கிள்ளியெடுத்து ஸ்டெம் செல்லாக மாற்றியவர் அவர். புதிதாக யார் வந்தாலும் சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டுவார். பேரும் பதவியும் அந்தத் தழும்பிலிருந்து வளர்ந்தவை.

அவள் வாயை அடைக்க, பதினோரு வருஷத்துக்கு முன்பே அந்த செல்லைத் தன் கையால் உறையவைத்துப் பூட்டிய முதல் குப்பியையும் அவள் தட்டோடு, எந்த விலங்கின் செல் என்று கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னதும் அவர்தான்.

அவள் மேஜையில் அதிகம் இல்லை. ஒரு கோப்பை, ஒரு சால்வை. பையில் போட்டாள். காலையில் அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லியிருந்தாள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று விசாரித்து வயிற்றெரிச்சலைக் கிளப்பினாள்.

போன் அடித்தது. பரிசோதனைக்கூடம். நின்றபடியே கேட்டாள். நம்ப முடியாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

"என்னவாம்? மனுஷன்தானே?" என்றார் பேராசிரியர்.

"இல்ல சார். என் தட்டுல இருக்கறது சுத்தமான குரங்கு."

"அப்ப எப்படி ரெண்டும் ஒண்ணா இருக்கும்?"

அவள் அவருடைய முன்கையைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"உங்க முதல் குப்பியிலயும் குரங்குதானாம். இத்தனை வருஷமா நாம மனுஷன்னு எழுதினதெல்லாம் யாரைப் பத்தி, சார்?"