வால்வா, பெட்டியா

"காது போச்சுன்னு அந்த டாக்டர் சொல்லிட்டா போச்சா? கிட்டார் சத்தத்தைக் கூட்டுற பழைய வால்வு ஆம்ப் எது, புது டிஜிட்டல் பெட்டி எதுன்னு கேட்டுச் சொல்றேன் பாரு. தப்பா சொன்னா இனிமே கிட்டாரைத் தொடவே மாட்டேன், ஃப்ளோரா."

அருள்தாஸ் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இரைச்சல் கூடாதென்று மின்விசிறியையும் அவரே நிறுத்தியிருந்தார். கிட்டார் ஒயரை மாற்றிச் செருகுவது மனைவி ஃப்ளோராவின் வேலை.

முதலில் பெட்டியில் செருகினாள்.

"இது பெட்டி. செத்த சத்தம்" என்றார். அது சரிதான்.

பிறகு ஆம்பில் செருகினாள். அவர் கம்பியைத் தொடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. உள்ளே சிவந்திருந்த வால்வுகள் மெல்லக் கறுத்தன. அவர் அதற்குப் பிறகுதான் வாசிக்கத் தொடங்கினார். வெறும் கம்பிகள் கிசுகிசுத்தன.

"ஆகா! இதுதான் வால்வு. இந்தச் சூடு அந்தப் பெட்டிக்கு என்ன பண்ணாலும் வராது. சரியா, தப்பா? சொல்லுடி."

ஃப்ளோரா குனிந்து அவர் காதில் கத்தினாள்: "சரிதாங்க!"

"அப்போ இன்னும் கொஞ்சம் கூட்டு."

அவள் அணைந்த ஆம்பின் குமிழைத் திருகினாள். அவர் தலையை ஆட்டி ஆட்டி வாசித்தார்.

"போதும், போதும்! மாடி வீட்டுக்காரன் சண்டைக்கு வந்துடுவான்."