முழங்கால் ஆழம்

காட்டு விலங்குகள் எல்லாம் சேர்ந்து இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் நடத்தின. யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். எழுதியதற்குச் சான்று காட்டினால் போதும். கீரிக்கு அதில் எழுதுவதென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். ஒருநாள் தெற்கே இருந்த ஏரியைப் பற்றி எழுதியது. ஆழம் தெரியவில்லை. குத்துமதிப்பாக ‘முழங்கால் ஆழம்’ என்று போட்டுவிட்டது.

பக்கத்தைச் சரிபார்த்த ஆமை, “சான்று எங்கே, தம்பி?” என்று கேட்டது.

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, அண்ணே.”

“எல்லாரும்னா யாரு? ஏரியில இறங்கிப் பார்த்தவங்களா?”

கீரி மழுப்பியது. ஆமை அந்த வரியை நீக்கியது. ஆனால் அதற்குள் மைனா அதைப் படித்துத் தன் செய்தித்தளத்தில் போட்டிருந்தது. கீரி அந்தச் செய்தியையே சான்றாகக் கொண்டுவந்து காட்டியது.

“செய்தியிலேயே வந்துடுச்சா? அப்போ சரி” என்றது ஆமை.

பிறகு மைனாவைப் பார்த்துக் கிளி எழுதியது. கிளியைப் பார்த்துக் கொக்கு எழுதியது.

சில வருடங்கள் கழித்து, ஒரு கோடையில் காடு பற்றிக்கொண்டது. உயிர் தப்ப ஓடிய கீரி ஏரிக்கரையில் வந்து நின்றது. இறங்கத் தயங்கி, கைபேசியில் தேடிப் பார்த்தது. எங்கே பார்த்தாலும் முழங்கால் ஆழம் என்றே இருந்தது. இத்தனை பேர் சொல்வது பொய்யாக இருக்காது என்று நம்பிக் காலை வைத்தது.

கால் தரையைத் தொடவேயில்லை. மூக்கு மட்டும் வெளியே தெரிய, நாணலைப் பிடித்துக்கொண்டு தொங்கிய கீரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“எந்தப் பாவி விசாரிக்காம எழுதினானோ” என்று முனகியது. “அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்.”