கடல் பக்கம்

கடல் பக்கத்தை மட்டும் மருமகள் டயானா விட்டே கொடுக்கவில்லை.

மலையை ஒட்டி, கடலுக்கு மேலே வளைந்து போகிற நெடுஞ்சாலைப் பாலம் அது. சிட்னியில் வேலை பார்க்கும் மகன் சந்தோஷ் படம் அனுப்பிய நாளிலிருந்து பரிமளாவுக்கு அதே நினைப்பு. ஆரணியில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, அங்கே கட்டிக்கொள்ளவென்றே ஒரு பட்டுப்புடவையும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறியவள்.

வந்து பார்த்தால் இந்தக் கூத்து. நடைபாதையில் உள்பக்கம் மாமியார், கம்பி ஓரமாக மருமகள். பொட்டு வெயில் இல்லை, கையில் விரித்த குடை வேறு. அதையும் கடல் பக்கமாகவே சாய்த்துப் பிடித்திருந்தாள்.

"அத்தை, மலையைப் பாருங்க. எவ்ளோ பச்சையா இருக்குது."

மலையைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தாள்? ஊருக்குப் பக்கத்தில் படவேட்டுக்குப் போனால் வேண்டிய மட்டும் மலை இருக்கிறதே. இதில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை இழுத்துப் போகிற மாதிரி மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள் டயானா. சந்தோஷோ படமெடுக்கிற மும்முரத்தில் முன்னால் போய்விட்டான்.

ஒன்று மட்டும் பரிமளாவுக்கே ஆச்சரியம். ஊரில் ஆற்றுப் பாலத்தில் பஸ் ஏறினாலே தலை சுற்றிக் கண்ணை மூடிக்கொள்கிறவள், இன்று ராணி மாதிரி நடந்து வந்துவிட்டாள். பரவாயில்லையே, நமக்கும் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுமுனைக்கு வந்ததும் டயானா குழாயடிக்குப் போனாள். இதுதான் சமயம் என்று பரிமளா ஆரணிக்குப் போன் போட்டாள்.

"இன்னாங்க இது, கடலைப் பார்க்க வுடாம மறைச்சிகினே வரா உங்க மருமவ."

கணவர் ரங்கசாமி தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"நான்தான் சொன்னேன். போன வாரம் போன் பண்ணிச்சு. அத்தை ஆத்துப் பாலத்துக்கே பயப்படுவாங்களே, எப்படி அழைச்சிகினு போறதுன்னு கேட்டுச்சு. பள்ளம் கண்ல படாம பார்த்துக்கம்மான்னேன்."

பரிமளா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அதுக்கே உயரம்னா ஆவாதாம் பரிமளா. நாலு வருஷமா அங்க இருந்தும் அந்தப் பாலத்துல காலே வெச்சதில்லயாம். நீ ஆசைப்பட்டியேன்னு வந்துருக்குது."

பரிமளா திரும்பிப் பார்த்தாள். டயானா முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

தன் மணிக்கட்டைப் பார்த்தாள். ஐந்து விரலும் பதிந்து சிவந்திருந்தது. இழுத்துக்கொண்டு வந்த பிடி இல்லை இது, பயந்து பிடித்த பிடி. இந்தப் பிள்ளையைப் போய்க் குறை சொன்னோமே என்று நெஞ்சு கரைந்தது. மகராசி, நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

கார் அந்த முனையில் நிற்கிறது, கிளம்பலாம் என்றான் சந்தோஷ். டயானா மறுபடியும் கம்பி ஓரமாகப் போனாள்.

பரிமளா அவள் கையிலிருந்த குடையை வாங்கிக்கொண்டாள். தானே கம்பி ஓரமாகப் போய் நின்று, குடையைக் கடல் பக்கம் சாய்த்தாள்.

"நீ இப்படி உள்ள வா கண்ணு. மலையைப் பாரு, எவ்ளோ பச்சையா இருக்குது."