மேரிறோஸின் வாய்

சுத்திவரக் கடலாம், நடுவிலை ஒரு தீவாம். அந்தத் தீவிலை ஒரு மாமியாம், ஒரு மருமகளாம். இரண்டு பேரும் ஒரு நாள் காலமை கிளினிக்குக்குப் போனவையாம்.

மாமி சறோஜினிதேவி. மருமகள் கோசலாவுக்கு இப்போது மூன்று மாதம். மகன் சதீசனுக்குக் கொழும்பில் கடை. அந்த வெக்கைக்குள் சத்தியெடுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம், புங்குடுதீவுக்கு வந்து நில் என்று மாமிதான் மருமகளைக் கூட்டி வந்திருந்தார்.

கிளினிக் என்றால் ஒரே மண்டபம். ஒரு பக்கம் வயிற்றுப்பிள்ளைக்காரிகள், மறுபக்கம் தடுப்பூசிக்கு வந்த கைக்குழந்தைகள், நடுவில் மிட்வைஃப் மிஸ்ஸியின் மேசை. அந்த மேசையில் சொல்கிற இரகசியம் வெளியே போகிற பஸ்ஸுக்கும் கேட்கும்.

கோசலாவின் இரத்தம் ஓ நெகட்டிவ் என்று வந்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று மிஸ்ஸி ஆறுதலாக விளங்கப்படுத்தினார். தகப்பன் பொசிட்டிவ் என்றால் பிள்ளையும் பொசிட்டிவாக வரலாம். பிள்ளையின் இரத்தம் கொஞ்சம் தாயோடு கலந்தால், தாயின் உடம்பு அதை வெளியாள் என்று நினைத்துச் சண்டைக்குப் பழகிவிடும். முதல் பிள்ளை அநேகமாகத் தப்பிவிடும். பழகின பிறகு வருகிற பிள்ளைக்குத்தான் ஆபத்து. பழக முதல் ஊசி போட்டுவிட்டால் சரி.

"இதுதானே முதல் பிள்ளை?"

"தலைப்பிள்ளை," என்றார் மாமி, மருமகளை முந்திக்கொண்டு.

கோசலா மாமியைப் பார்த்தாள். நிலத்தைப் பார்த்தாள். "ஓம்," என்றாள்.

மிஸ்ஸி எழுதக் குனிந்தார். அப்போதுதான் பின்வரிசை வாங்கிலிருந்து மேரிறோஸ் தொடங்கினாள். கடைசிப் பிள்ளைக்கு ஊசி போட வந்தவள். சந்தையில் மீன் விற்றுப் பழகின குரல்.

"மிஸ்ஸி சொல்லுறது முழு உண்மை, பிள்ளையள். எனக்கும் நெகட்டிவ்தான். மூத்தவனுக்கு முந்தி ரெண்டு அழிஞ்சு போச்சு. ஒருத்தருக்கும் மூச்சு விடேல்லை. மாமிக்குச் சொன்னால் பப்பாப்பழம் திண்டதாலை எண்டுவா. மனுசனுக்குச் சொன்னால் சைக்கிள் ஓடினதாலை எண்டுவார். பிறகு மிஸ்ஸியின்ரை காதிலை போட்ட பிறகுதான் எனக்கு வழி பிறந்தது. அழிஞ்சதும் ஒரு பிள்ளைதான். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேணும்."

மிஸ்ஸி தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பேனையை மேசையில் வைத்தார்.

மண்டபம் முழுக்க முகம் சுளித்தது. ஒருத்தி சீலைத் தலைப்பால் வயிற்றை மூடினாள். சறோஜினிதேவிக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளைத்தாச்சியள் இருக்கிற இடத்திலை கதைக்கிற கதையே இது? கொஞ்சம் வாயை அடக்கும்."

"நல்லதை நீங்கள் கதையுங்கோ அக்கா. கெட்டதை நான் கதைக்கிறன்," என்று மேரிறோஸ் சிரித்தாள். பிறகு அந்த அழிஞ்ச கதையை முதலிலிருந்து, இன்னும் சத்தமாகச் சொல்லத் தொடங்கினாள்.

மாமி மருமகளின் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தார். கோசலா எழும்பவில்லை.

"மிஸ்ஸி, எனக்கு இது ரெண்டாவது."

பிறகு எல்லாம் வந்தது. கலியாணம் முடிந்த வருசம் மோட்டச்சைக்கிளில் நுவரெலியா போனவர்கள். மாமி வேண்டாமென்று மறித்த பயணம். திரும்பி வந்த கிழமையே அழிந்துவிட்டது. கொழும்பில் ஒரு சின்ன இடத்தில் கருப்பையைக் கழுவினவர்கள். இரத்தம் என்ன வகை என்று அவர்களும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

பயணத்தால் கரு அழிவதில்லை என்றுதான் மிஸ்ஸி முதலில் சொன்னார். ஆனால் உடம்பு சண்டைக்குப் பழகிவிட்டதா என்று உடனே பார்க்க வேண்டும், இண்டைக்கே யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரிக்குப் போங்கோ என்றார்.

எல்லோரும் மாமியைப் பார்த்தார்கள்.

"எனக்கேன் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏசுவியள் எண்டு, மாமி."

"ஏசியிருப்பன்தான்," என்றார் சறோஜினிதேவி. கண் நிறைந்துவிட்டது. "ஏசிப்போட்டு உன்னோடை இருந்து அழுதும் இருப்பன்."

இரண்டு பேரும் அடுத்த பஸ்ஸிலேயே யாழ்ப்பாணம் போனார்கள்.

அடுத்த கிளினிக்குக்கு மாமி ஒரு பெட்டி பனங்காய்ப் பணியாரத்தோடு வந்தார். உடம்பு இன்னும் பழகவில்லையாம். ஏழாம் மாதம் ஓர் ஊசி. பிறக்கிற பிள்ளை பொசிட்டிவ் என்றால் பிறந்த கையோடு இன்னொன்று. அவ்வளவுதான். பிள்ளையின் நிறை பார்க்க வந்திருந்த மேரிறோஸுக்கு முதல் பங்கு கொடுத்தார் மாமி. கொடுத்துவிட்டு, நல்ல மனம்தான் உமக்கு, ஆனால் நாலு பேருக்கு முன்னால் இப்படிச் சொந்தத் துக்கத்தைக் கடைபரப்பக் கூடாது என்று புத்தியும் சொன்னார். மேரிறோஸ் பணியாரத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

மாமியும் மருமகளும் படியிறங்கிப் போன பிறகு மிஸ்ஸி மெல்லக் கூப்பிட்டார்.

"மேரிறோஸ், உம்மடை நாலு வயிறும் நான்தான் பார்த்தனான். ஒண்டும் அழியேல்லை. உமக்கு ஓ பொசிட்டிவ்."

மேரிறோஸ் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"அந்தப் பிள்ளை 'ஓம்' எண்டதை நிலத்தைப் பார்த்துத்தான் சொன்னது, மிஸ்ஸி. முன்னுக்கு ஆரேன் ஒருத்தி வெக்கம் கெட்டால்தானே அடுத்தவள் வாய் திறப்பாள்," என்றுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.