ஏழாவது புடவை

இளங்கோவன் செத்த மறுமாதமே, பட்டுக்கடையில் அவன் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை மனைவி எல்லம்மாளுக்குக் கொடுத்தார்கள். அவரவர் எடுத்த ஆர்டர்தான் அவரவர் திரையில் தெரியும். ஒரு வருஷம் கழித்து, அவள் திரையில் ஆறு புடவை இருக்க, கீழே கூட்டல் ஏழு என்றது.

சாஃப்ட்வேர்காரர் வந்து பார்த்தார். “இந்தக் கூட்டல் ஃபங்ஷன உங்க வூட்டுக்காரர் எழுதினாரும்மா. அது அவரோட அனுமதில ஓடிக்கினு இருக்குது. உங்களுக்கு மறைச்சதும் அதுக்குத் தெரியும்.”

மறைந்திருந்ததைத் திறந்து காட்டினார். அரக்குக் கூறைப்புடவை. மாப்பிள்ளை இளங்கோவன், பெண் ஐயம்பேட்டையில் யாரோ ஒருத்தி. ஆர்டர் எடுத்தது போன மாதம்.

எல்லம்மாள் தாலி கட்டிக்கொண்டது மலிவான நைலக்ஸ் புடவையில்.

கடையிலிருந்து பேசுவதாக, அந்தக் கூறையை நெய்த தறிக்காரருக்குப் போன் செய்தாள்.

“காலையிலயே மாப்ளையே வந்து வாங்கிக்கினு போய்ட்டாரும்மா. வூட்ல மட்டும் சொல்லிடாதன்னாரு.”