மேலக்காட்டுப் பள்ளியின் பத்துத் திரைகள்

கம்பம் ஏறி ஏறி அருளப்பனுக்கு இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. மாவட்டப் பள்ளிகளுக்குப் புது இணைய லைன் இழுக்கும் திட்டத்தில் மேலக்காட்டுப் பள்ளி இல்லை. அங்கே இருக்கிற பழைய இணையப் பெட்டியையும் கழற்றி வரச் சொல்லிவிட்டார்கள், மாவட்ட அலுவலகத்தில்.

பள்ளியில் ஆசிரியர் கிடையாது. பாடம் லைன் வழியாகத் திரைகளில் வரும். பெரிய ஆள் என்றால் சோறாக்கும் பேச்சியக்கா மட்டும்தான்.

"எங்களுக்கு மட்டும் புது லைன் ஏன் இல்ல தம்பி?"

"இங்க பத்துத் திரைதான ஓடுது. பத்தே பிள்ளைங்கன்னு திட்டம் போடுற மெஷின் கணக்கெடுத்திருச்சுக்கா."

"நாப்பது பேரு இருக்காங்கப்பா. எல்லாத் திரையும் போட்டா லைன் தாங்காம பாடம் சுத்திக்கிட்டே நிக்குது. நாந்தான் நாலு பேருக்கு ஒண்ணுன்னு உக்கார வச்சேன்."

"சிக்கனம் பண்ணிருக்கீங்க. மெஷின் அதை ஆளு கம்மின்னு எடுத்துக்கிருச்சு. திட்டத்தை முடிச்சு அனுப்பியாச்சு. இனி அஞ்சு வருசம் கழிச்சுத்தான்."

"அதுக்குள்ள இதுக செங்கச் சூளைக்குப் போயிரும்."

அருளப்பன் பெட்டியின் வயரைப் பிடுங்கினான். திரைகளில் ஓடிய பின்னக் கணக்கு பாதியில் நின்றது. பிள்ளைகள் எழுந்திருக்காமல் இருண்ட திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியக்கா அரிசி களையப் போனாள்.

அந்த நாற்பது பேருக்கும் மாவட்டம் இன்னும் மீதிப் பாடத்தைப் பாக்கி வைத்திருக்கிறது.